துரு, மேல்துரு: ஒரு சொல் விளக்கம்

பாளையங்கோட்டையில் ஒரு டிங்கர் பட்டறை. எங்கள் பழைய மாருதி 800 ஜாக்கியில் நின்றது. முதல்நாள் வண்டியைப் பரிசோதித்தவர்கள் கொடுத்த தாளில், பெட்ரோல் டேங்குக்கு நேரே ‘சர்ஃபேஸ் ரஸ்ட்’ என்று எழுதியிருந்தார்கள். டேங்கே போய்விட்டதோ என்று எனக்குக் கலக்கம். அடியில் மல்லாந்து படுத்திருந்த டிங்கர், ஸ்குரூ டிரைவரின் பிடியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “துரு பிடிச்சிருக்கு அண்ணாச்சி. இன்னும் திங்கலை. பயப்படாதிய.”

தாளில் இருந்த சொல்லைவிட இந்த இரண்டு வினைகள் எனக்கு நன்றாக விளங்கின.

துரு என்பது பழைய திராவிடச் சொல். கன்னடத்தில் துக்கு, தெலுங்கில் துப்பு, மலையாளத்தில் துரும்பு. செங்கோட்டை தாண்டிப் புனலூர்ப் பக்கம் வண்டியை விட்டால், ‘துரும்பு பிடிச்சு’ என்பார்கள். வண்டிக்குள் வைக்கோல் புகுந்துவிட்டதோ என்று நாம் குனிந்து பார்க்கவேண்டியதில்லை. இதே குடும்பத்தில் தமிழில் துருசு, துரிசு என்றும் சொற்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் துருசு என்றால் மயில்துத்தம், செம்பிலிருந்து வரும் நீல உப்பு. பழைய நூல்களில் துரிசு என்றால் குற்றம். உலோகத்தின் மேல் படிந்த கறைக்கும் மனிதரிடம் உள்ள குறைக்கும் ஒரே இடத்திலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். ஆங்கில ‘ரஸ்ட்’டின் வேர் வேறு. அது சிவப்பைக் குறிக்கும் ‘ரெட்’டோடு உறவுள்ள சொல், நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்.

துருவுதல் என்ற சொல்லோடு இதை முடிச்சுப்போட ஆசை வரும். துரு இரும்பைத் துருவுகிறது, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஓசையை மட்டும் வைத்து வேர் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொன்று, துரு இரும்புக்குத்தான். குத்துவிளக்கில் பச்சையாகப் படிவது களிம்பு. புளி போட்டுத் தேய்த்தால் போகும் அதைத் துரு என்று எந்த ஆச்சியும் சொல்லமாட்டாள். இந்தப் பிரிவினையில் அறிவியலும் இருக்கிறது. களிம்பு செம்பின் மேல் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதை ஓரளவு காக்கும். துருவுக்கு அந்தக் குணம் இல்லை. இரும்பு ஈரத்தோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் சேர்ந்து துருவாகும்போது, முன்பிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். அதனால் உப்பி, பொருக்கு பொருக்காக உதிரும். அப்புறம் அடியிலுள்ள புது இரும்பு காற்றுக்குத் தெரியும், அதுவும் துருவாகும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் இது வேகமாக நடக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறதல்லவா. ஈழத்தில் துருவைக் கறள் என்பார்கள். கறையும் அதன் ஓசையில் கேட்கிறது.

சரி, வினைகளுக்கு வருவோம். துரு முதலில் பிடிக்கும், பிறகு ஏறும், கடைசியில் தின்னும். பிடித்த துருவைத் தேய்த்தால் அடியில் வெள்ளை இரும்பு தெரியும். ஏறியது சொரசொரப்பாக, சிறு குழிகளோடு இருக்கும். தின்றுவிட்டால் தட்டும்போது ஓசை மாறும், கூரான கம்பி வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். பிடித்த நிலைதான் ‘சர்ஃபேஸ் ரஸ்ட்’.

அதைப் போக்கும் வேலை பெரிதில்லை. கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும், கையால்தான் தேய்க்க வேண்டும். டேங்கின் பக்கம் கிரைண்டரையோ வெல்டிங்கையோ கொண்டுபோகக் கூடாது, பொறி பறக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் மோசம், உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும். டேங்கைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கும், துரு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். அதைக் கழற்றாமல் மற்ற இடங்களை மட்டும் தேய்ப்பது கண்துடைப்பு.

தேய்த்து, எண்ணெய்ப்பிசுக்கு போகத் துடைத்தபின் பூசுவது ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’. துருமாற்றி என்று சொல்லலாம், அது செய்கிற வேலையே அதுதான். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் டானின். டானின் வகை பட்டதும் துரு கறுத்துவிடும். இது நமக்குப் புதிதில்லை. டானின் நிறைந்த கடுக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்து மை செய்தார்களே, அதே வேதியியல்தான். அதன்மேல் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு, பிறகு கறுப்புப் பெயின்ட். ரெட் ஆக்சைடின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். துருவைத் தடுக்கத் துருவின் பங்காளியையே காவல் வைக்கிறார்கள்.

டேங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிபொருள் கலன் என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் ‘டேங்க்’ குஜராத்தி, மராத்தியில் நீர்த்தேக்கத்துக்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், போர்த்துகீசியத்தின் சாயலும் அதில் உண்டு. வெள்ளைக்காரர்கள் நம் குளங்களையெல்லாம் டேங்க் என்றே எழுதினார்கள். அந்தக் கணக்கில் நயினார்குளமும் என் வண்டியின் அடியில் தொங்குவதும் ஒரே பெயர்க்காரர்கள். இந்தச் சொல்லை அன்னியம் என்று விரட்ட எனக்கு மனம் வரவில்லை.

‘சர்ஃபேஸ் ரஸ்ட்’டுக்கு என்ன சொல்வது? ‘மேற்பரப்புத் துரு’ என்றால் வெளிப்பக்கத் துரு என்று ஆகிவிடும். டேங்கின் உள்ளேயும் மேலோட்டமாகத் துரு பிடிக்கும், அது பொடியாகி ஃபில்டரை அடைக்கும். வெளியே எத்தனை பூச்சு பூசினாலும் அது போகாது. ஆக, இடத்தைவிட ஆழத்தைச் சொல்லும் சொல் வேண்டும். மேலோட்டம் என்பதிலிருந்து எடுத்து ‘மேல்துரு’ என்று வைத்தேன். பட்டறையில் சொல்லியும் பார்த்தேன். ஆனால் எங்கள் ஊரில் மேல் என்றால் உடம்பு, மேல்வலி என்றால் உடம்புவலி.

டிங்கர் சிரித்தார். “மேல்துருன்னா வண்டி மேல் முழுக்கத் துருன்னுல்லா நினைச்சிருவாவ, அண்ணாச்சி.”