சிமென்ட் மூட்டையில் இருக்கும் இரண்டு பெயர்கள்

போன சித்திரையில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் நிறுத்த மேலே கட்டிவிட்ட பாத்திகளில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வெயிலில் வரப்புகூட வெடித்துக் கிடந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தளம் நல்லா காஞ்சிருச்சு சார், கல்லு மாதிரி இருக்கு. இன்னும் எதுக்குத் தண்ணி?" என்றார்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் அது கல்லாகிறது. தண்ணீர் வற்றினால் வினையும் நின்றுவிடும். காலால் மிதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

ஒரு காலி மூட்டையை எடுத்து அவரிடம் காட்டினேன். 'போர்ட்லாண்ட் பொஸலானா சிமென்ட்' என்று இருந்தது. போர்ட்லாண்ட் என்பது இங்கிலாந்தில் கிடைக்கும் ஒரு கட்டடக் கல்லின் பெயர். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் தான் செய்த சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது, இறுகியபின் அந்தக் கல் போலவே இருக்கிறது என்று இந்தப் பெயரை வைத்தார். பொஸலானா அதைவிட மிகப் பழையது. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் பொஸ்ஸுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலை ரோமானியர்கள் சுண்ணாம்போடு கலந்து கடலுக்குள்ளேயே துறைமுகச் சுவர் எழுப்பினார்கள். இன்று அந்தச் சாம்பலின் வேலையை அனல்மின் நிலையச் சாம்பல் செய்கிறது.

இந்தச் சாம்பலுக்குப் பொறுமை அதிகம். சிமென்ட் முதலில் தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்பு வெளிப்படும். அந்தச் சுண்ணாம்போடுதான் சாம்பல் மெல்ல மெல்லச் சேர்ந்து நுண்துளைகளை அடைக்கிறது. அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற, அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்கச் சொல்லும்போது, சாம்பல் கலந்ததற்கு 10 நாள் கேட்கிறது. அதை 14 நாளாக நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. நம் ஊர்க் கோடையில் நான் 14க்குக் குறைய ஒத்துக்கொள்வதே இல்லை.

"ரோம்காரன் கட்டினது இன்னும் நிக்குதே சார்" என்றார். உண்மைதான். ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் விட்டம், 1,900 ஆண்டு வயது. ஆனால் அதில் ஒரு கம்பிகூடக் கிடையாது. குவிமாடத்தின் எடை பெரும்பாலும் அழுத்தமாகவே இறங்குகிறது. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். நம் தட்டையான தளமோ வளையும், அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவைக்குத்தான் கம்பி. கம்பி உள்ளே வந்ததும் துருவும் கூடவே வருகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, தளத்தின் அடிப்பக்கத்தைப் பிளந்து தள்ளும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளை எத்தனை பார்த்திருக்கிறோம்!

துருவுக்கு வழிவிடுவது துளைகள். நிறையத் துளைகள் நாம் கலக்கும்போதே உண்டாகின்றன. சைட்டில் கலக்கும் எம்20 என்ற தரத்துக் கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர்தான். மணல் ஈரமாக இருந்தால் அதையும் இதில் கழிக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? கலவை இறுக்கமாக இருந்தால் பரப்பக் கஷ்டம் என்று இன்னும் ஒரு வாளி விழும். வேலையாட்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சட்டி சட்டியாகத் தூக்கிக் கொட்டிப் பரப்பும் கைகளுக்கு அது நிஜமான கஷ்டம். அதற்குத்தான் கலவையை அதிர்த்து இறங்க வைக்கும் வைப்ரேட்டர் இருக்கிறது, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் இருக்கிறது. அந்தச் செலவை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகி, போன வழியெல்லாம் துளையாக விட்டுப் போகும்.

அன்று மாலையே வரப்பைச் சரிசெய்து தண்ணீர் நிறுத்தினோம். காய்ந்து போன நாட்களை முழுசாக மீட்க முடியாது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அப்புறம் தூண்களைப் பார்த்தேன். ஈரம் காக்கச் சுற்ற வேண்டிய சாக்கு ஒன்றில்கூட இல்லை. நாங்கள் இருவருமாகவே சாக்கைச் சுற்றிக் கட்டி நனைக்க ஆரம்பித்தோம்.