அரம் எடுப்பதற்கு முன் கால் பழகட்டும்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய குதிரைக் குட்டி அது. வயது ஒன்றைத் தாண்டியிருந்தது. குளம்பு சீவுவதற்காக மரத்தோடு இறுக்கிக் கட்டி, காலில் கயிறு போட்டு இழுத்திருக்கிறார்கள். மிரண்டு விழுந்ததில் முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்துவிட்டது. அதற்கு மருந்து போடத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் யாராவது காலருகே குனிந்தாலே அதன் உடம்பு நடுங்கும்.

மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது சாய்த்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அதே கைப்பழக்கம் குதிரையிடமும் வந்துவிடுகிறது. ஆபத்து என்றால் ஓடித் தப்பிக்கிற பிராணி குதிரை. அதன் காலைப் பிடிப்பது ஓட வழியில்லாமல் செய்வதுதான். பயத்தில் உதைக்கிற குட்டியைத் திமிர் என்று சொல்லி அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் சில நாள் நாங்கள் காலைத் தூக்கவே இல்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துகொடுத்தோம். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும். அப்புறம் தோளிலிருந்து கையை எடுக்காமல் மெல்லக் கீழே இறக்கி, காலை ஒரு சாண்கூட உயர்த்தாமல் இரண்டு எண்ணும்வரை பிடித்து, கையாலேயே தரையில் வைத்தோம். உதறினால் கை அதோடு போகும், ஆனால் விடாது. கால் தளர்ந்த அந்த நொடியில்தான் விட வேண்டும். உதறும்போது விட்டால், உதறினால் விடுவார்கள் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். காலை வெளிப்பக்கமாக இழுக்கவும் கூடாது, மூட்டு வலிக்கும்.

காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். கால் பழகிய பிறகு அரத்தை மோந்து பார்க்க விட்டோம், குளம்பில் உள்ளங்கையால் தட்டினோம். லாடம் அடிப்பவர் வந்த நாளில் முன்னங்கால் இரண்டை மட்டும் சீவினார். பின்னங்கால்கள் மறுநாள். மூன்று காலில் நின்றால் குட்டி சீக்கிரம் அசந்துவிடும்.

வளரும் குட்டிக்கு மாதம் ஒருமுறையும் பெரிய குதிரைக்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறையும் குளம்பு பார்க்க வேண்டும். நன்றாகக் கால் கொடுத்துவந்த குதிரை திடீரென்று மறுத்தால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். குளம்பு சுடுகிறதா, ஆணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணி ஏறியிருந்தால் நீங்களே பிடுங்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்; எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவர் பார்த்தாக வேண்டும். குதிரையை ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தாக்கும், தடுப்பூசி போட்ட தேதியையும் அவரிடம் சொல்லுங்கள்.