சவ்வூடாவியாதல்

காருகுறிச்சியில் வனைந்த புதுப்பானையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், காலையில் பானையின் வெளிப்பக்கம் வேர்த்திருக்கும். விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். மூடி வைத்தது வைத்தபடி இருக்க, தண்ணீர் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். உள்ளே நீராக இருந்தது, மண்சுவரின் ஊடாக வந்து ஆவியாகப் போய்விட்டது. 'பெர்வாப்பரேஷன்' (pervaporation) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. அது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பானையைத்தான் முதலில் காட்டுவேன்.

1917-இல் இந்தச் சொல்லைத் தந்தவர் கோபர் என்ற வேதியியலாளர். கொலோடியன் என்ற மெல்லிய படலத்தால் ஆன பை ஒன்றில் நீர்மத்தை இட்டு, வாயை இறுகக் கட்டிக் காற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியும் உள்ளே இருந்தது குறைந்துகொண்டே வந்ததை அவருடைய உதவியாளர் கவனித்துச் சொன்னார். ஊடுருவலையும் ஆவியாதலையும் குறிக்கும் சொற்களை ஒட்டிக் கோபர் பெயர் வைத்தார். லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக, 'வாப்பர்' என்றால் ஆவி.

சரி, இதனால் நமக்கு என்ன? பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மிஞ்சும் அழுகல் வாழைப்பழத்தையோ, அல்வாவுக்குப் பால் பிழிந்த கோதுமைச் சக்கையையோ எடுத்துக்கொள்ளுங்கள். மாவும் சர்க்கரையும் உள்ள அந்தக் கழிவைக் காற்றுப் புகாமல் வைத்து, கிளாஸ்ட்ரிடியம் இனத்துப் பாக்டீரியாக்களில் ஏற்றதை விட்டு நொதிக்க வைத்தால் அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் கிடைக்கும். பியூட்டனால் பெயின்ட்டுக்குக் கரைப்பானாகும், எரிபொருளுமாகும். ஆனால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்வதற்குள் அதுவே பாக்டீரியாவுக்கு நஞ்சாகி, நொதித்தல் நின்றுவிடும். காய்ச்சி வடிக்கலாம் என்றால், தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில், பியூட்டனால் கொதிப்பது ஏறக்குறைய 118-இல். கொஞ்சம் பியூட்டனாலுக்காகத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொதிக்கவைக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் சவ்வு கைகொடுக்கிறது. நொதித்த கரைசலை மெல்லிய சிலிக்கோன் ரப்பர் சவ்வின் ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவார்கள். பியூட்டனால் ரப்பரில் எளிதாகக் கரைந்து, அதற்குள்ளேயே நகர்ந்து, மறுபக்கம் ஆவியாக வெளியேறும். அதைக் குளிர்வித்தால் கையில் கிடைக்கும். தண்ணீரும் கொஞ்சம் கூடவே வரும்தான். ஆனாலும் பியூட்டனாலின் செறிவு பல மடங்கு கூடியிருக்கும். நஞ்சு விலக விலக, தொட்டியில் பாக்டீரியா தொடர்ந்து வேலை செய்யும்.

ஆகவே இதைச் 'சவ்வு வடிகட்டல்' என்று எழுதுவது தவறு. வடிகட்டி ஓட்டையின் அளவைப் பார்த்துக் கடக்கவிடும். இந்தச் சவ்வோ, எது தன்னில் கரைகிறது என்று பார்த்துக் கடக்கவிடுகிறது. பானைக்கும் அந்தத் தேர்வு கிடையாது. 'ஊடுருவி ஆவியாதல்' பிழையில்லை, ஆனால் எதை ஊடுருவி என்பது அதில் இல்லை.

பள்ளிப் பாடத்தில் 'சவ்வூடு பரவல்' படித்திருக்கிறோம். அதே அச்சில் வார்த்தால் சவ்வூடாவியாதல். ஆட்டுக்கறியை அரியும்போது கத்தியில் இழுபடும் மெல்லிய தோலைச் சவ்வு என்றுதான் சொல்கிறோம். ஊடு என்பதைப் பத்தமடைக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம்: பாய்த்தறியில் பருத்தி நூல் பாவு, அதன் குறுக்கே நுழைந்து போகும் கோரை ஊடு. இரண்டும் நம் கையில் புழங்கும் சொற்கள். லத்தீன் தெரியாத பிள்ளைக்கு 'பெர்வாப்பரேஷன்' எதையும் காட்டாது. இந்தச் சொல்லோ நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது.

வினையாகவும் வளையும்: 'பழக்கழிவை நொதிக்க வைத்து, பியூட்டனாலைச் சவ்வூடாவியாக்கிப் பிரித்தார்கள்.'