கண் தானத்துக்கு முன் ரத்தம் எதற்கு?

எங்கள் ஆயா தவறியபோது கண் வங்கியிலிருந்து வந்த தம்பி, கண்ணைத் தொடுவதற்கு முன் ஆயாவின் உடலிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சின்னக் குப்பியில் விட்டு, பெயரும் நேரமும் எழுதி ஒட்டினார். விவரம் கேட்ட மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எண்பத்து நாலு வயசு மனுஷிக்கு எய்ட்ஸ் டெஸ்ட்டா தம்பி?”

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண் கொடுக்க நினைக்கிற குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆயாவைச் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை இது. கண் கொடுப்பவர் யாராக இருந்தாலும் எய்ட்ஸைக் கொண்டுவரும் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அதோடு பால்வினை நோயான சிஃபிலிஸ், இவ்வளவும் பார்த்தே ஆக வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கருவிழியை (கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிவான படலம், அடுத்தவருக்குப் பொருத்துவது இதைத்தான்) யாருக்கும் பொருத்த மாட்டார்கள். முடிவு வரும்வரை அதை ஒரு திரவத்தில் போட்டுக் குளிரில் வைத்திருப்பார்கள், எம்.கே. மீடியம் என்கிற வழக்கமான திரவத்தில் 4 நாள் வரை தாங்கும்.

ஆனால் ரத்தம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தொற்று புதிதாக வந்திருந்தால் கொஞ்ச நாள் பரிசோதனையில் சிக்காது. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் நிறைய குளுக்கோஸும் ரத்தமும் ஏற்றியிருந்தால் ரத்தம் நீர்த்துப்போய், இருக்கிற தொற்றே இல்லை என்று வரலாம். வெறிநாய்க்கடி நோயான ரேபிஸுக்கோ இந்த ரத்தப் பரிசோதனையே உதவாது. 1978-ல் அமெரிக்காவில், வாதம் மாதிரி வந்து இறந்த ஒருவரின் கருவிழியைப் பொருத்திக்கொண்டவர் ரேபிஸ் வந்து இறந்துபோனார். கொடுத்தவருக்கு அந்த நோய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் “நாய் கடித்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, கடைசியில் காய்ச்சலா, நினைவு தவறியதா” என்று துருவிக் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பங்காளிகள் கூடி நிற்கும்போது சொல்லச் சங்கடமாக இருந்தால் வந்தவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துக் கொடுங்கள். மாமாவும் கோபம் அடங்கியபின் ஆயாவின் மாத்திரைச் சீட்டெல்லாம் இருந்த மஞ்சப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதற்கான உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது, 2011 திருத்தத்தில் திசுக்களும் சேர்ந்தன, விதிகள் 2014-ல். குடும்பத்தார் சம்மதம் கேட்டுத்தான் எடுப்பார்கள். கொடுப்பவரிடம் பணம் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. சர்க்கரை, பிரஷர், கண்புரை ஆபரேஷன், இவையெல்லாம் தடையே இல்லை.

நம் ஊரில் பெரிய சிக்கல் நேரம்தான். சிங்கப்பூரிலிருந்து மகன் வரட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்போம். கண்ணையோ 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மகனிடம் போனிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள், எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அதுவரை ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அடித்துக் கேளுங்கள்.