ஐந்தரை வயது வாலுப் பையனைப் பார்த்து நாம் ஏன் சிரிக்கிறோம்?

ஒரு சித்திரக் கட்டத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் கூடம். மன்னார்குடியிலிருந்து வந்த பெரியப்பா நாற்காலியில் சாய்ந்தபடி காபியை டபராவில் ஆற்றிக்கொண்டிருக்கிறார். அடுக்களை வாசலில் அம்மா. பெரியப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பையன் நிற்கிறான். படத்துக்குக் கீழே ஒரே ஒரு பேச்சு:

"பெரியப்பா, நீங்க எப்பக் கிளம்புவீங்க? நீங்க போனப்புறம்தான் அசோகா அல்வா டப்பாவைத் திறக்கணும்னு அம்மா சொன்னாங்க."

நாளிதழ்ச் சித்திரங்களில் இந்தப் பையன் உலகம் முழுக்க இருக்கிறான். பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருபவன் அமெரிக்காவின் டென்னிஸ். ஹாங்க் கெட்சம் என்ற ஓவியரின் நான்கு வயது மகன், தூங்கச் சொன்ன நேரத்தில் தன் அறையையே கலைத்துப் போட்டிருக்கிறான். உன் பிள்ளை டென்னிஸ் ஒரு 'மெனஸ்', பெரும் தொல்லை என்கிற மாதிரி அவன் அம்மா கத்த, அதிலிருந்து பிறந்ததுதான் 'டென்னிஸ் தி மெனஸ்'. 1951 மார்ச் 12 அன்று 16 நாளிதழ்களில் வரத் தொடங்கிய ஒற்றைக் கட்டச் சித்திரம் அது. எழுபது வருஷம் தாண்டியும் வந்துகொண்டிருக்கிறது. அரசியல் நகைச்சுவை அடுத்த தேர்தலுக்குள் பழசாகிவிடுகிறது. இந்தப் பையன் மட்டும் பழசாகாததற்குக் காரணம், நம் மூளை சிரிப்பைச் சமைக்கும் விதத்திலேயே இருக்கிறது.

கண் முதலில் படத்துக்குப் போகிறது. உறவுக்காரர், காபி, குழந்தை: பாசமான காட்சி, பாசமாக ஏதோ சொல்லப்போகிறான் என்று மூளை ஊகித்துவிடுகிறது. மூளை எப்போதும் அடுத்த சொல்லை முன்கூட்டியே கணித்துக்கொண்டே படிக்கும். 1980இல் மார்த்தா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். 'இட்லிக்குத் தொட்டுக்கொள்ள சாக்ஸ் வைத்தாள்' என்பது போல, கடைசியில் பொருந்தாத சொல் வரும் வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். பொருந்தாத சொல்லைப் பார்த்து சுமார் 400 மில்லி வினாடியில், அதாவது அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில், ஒரு தனி அலை எழுந்தது. கணக்கு தப்பியதை மூளை கண்டுகொள்ளும் தருணம் அது.

ஆனால் சாக்ஸ் வாக்கியம் யாரையும் விழுந்து விழுந்து சிரிக்க வைக்காது. இன்னொரு படி வேண்டும். பொருந்தாததை முதலில் கவனிக்கிறோம், பிறகு அது பொருந்துவதற்கு ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறோம், அந்தக் கண்டுபிடிப்பில்தான் சிரிப்பு வருகிறது என்று ஜெரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972இல் விளக்கினார். கும்பகோணம் கட்டத்துக்கு வாருங்கள். பையன் ஏன் இப்படிக் கேட்கிறான்? கொஞ்ச நேரத்துக்கு முன் அடுக்களையில் அம்மா ரகசியமாக ஏதோ சொல்லியிருக்கிறாள். அந்த அடுக்களைக் காட்சியை ஓவியர் வரையவில்லை, வாசகர்தான் மனதுக்குள் வரைகிறார். அம்மாவின் தாழ்ந்த குரல், எவர்சில்வர் டப்பா, மேல்தட்டில் அதை ஒளித்துவைத்த அவசரம் எல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிடுகின்றன. ஒற்றைக் கட்டச் சித்திரத்தின் மொத்த சாமர்த்தியமும் இங்கே இருக்கிறது. பாதி நகைச்சுவை தாளில், மீதிப் பாதி நம்மிடம்.

சரி, ஒரு பெரிய மனிதர் அவமானப்பட்டிருக்கிறார், அம்மா மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். இதில் சங்கடப்படாமல் எப்படிச் சிரிக்கிறோம்? பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010இல் முன்வைத்த கருத்து எனக்கு நன்றாகப் பொருந்துவதாகப் படுகிறது. ஒரு விதி உடைய வேண்டும், அதே கணத்தில் 'இதில் தப்பொன்றுமில்லை' என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒருசேர வந்தால் சிரிப்பு. விதி மட்டும் உடைந்தால் கோபம், எதுவும் உடையாவிட்டால் சலிப்பு.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதே பேச்சைப் பன்னிரண்டு வயதுப் பையன் வாயில் வையுங்கள். வேண்டுமென்றே அம்மாவை மாட்டிவிடுகிறான் என்று எரிச்சல் வரும். இரண்டு வயதுக் குழந்தையால் இவ்வளவு நீளமாகப் பேசவே முடியாது. ஐந்து, ஐந்தரையில் வைத்தால் மட்டும் கச்சிதமாக உட்காருகிறது. கெட்சம் தன் டென்னிஸுக்குக் கொடுத்த வயதும் ஐந்தரைதான்.

இந்த வயதில் அப்படி என்ன இருக்கிறது? ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் இருவரும் 1983இல் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு. நான்கு, ஐந்து வயதில்தான், அடுத்தவர் மனதில் இருப்பது வேறாக இருக்கலாம் என்பது பிடிபடுகிறது. அதே இருவர் 1985இல் இன்னும் கடினமான கேள்வியை எடுத்தார்கள்: 'அவள் என்ன நினைக்கிறாள் என்று அவன் நினைக்கிறான்?' இந்த இரட்டை முடிச்சை அவிழ்க்க, பெரும்பாலும் ஆறு, ஏழு வயதாகிவிடுகிறது.

விருந்தாளி முன்னால் வாயைக் காப்பதற்கு இந்த இரண்டாவது திறமை வேண்டும். அம்மா பெரியப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது தெரிந்தால் மட்டும் போதாது, அது பெரியப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அம்மா விரும்புவதும் தெரிய வேண்டும். ஐந்தரை வயதில் பேச்சு தண்ணீராக ஓடுகிறது, மதகு இன்னும் கட்டி முடியவில்லை. அந்த இடைவெளியில் கெடுதல் எண்ணம் எதுவும் கிடையாது என்பது படிக்கிற நமக்கு உள்ளூரத் தெரிகிறது. அதனால்தான் பையனை மன்னிக்கக்கூட நமக்கு நேரம் தேவைப்படுவதில்லை.

ஓவியரும் கோட்டால் இதற்கு உதவுகிறார். பெரிய தலை, உப்பிய கன்னம், அகன்ற கண், குட்டைக் கைகால் ஆகியவற்றைப் பார்த்தாலே நமக்குப் பரிவு சுரக்கிறது என்று கான்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். தஞ்சாவூர் ஓவியங்களில் வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருக்கும் கண்ணனைப் பாருங்கள். கொழுகொழு கன்னம், உருண்டைத் தொடை, விரிந்த கண். திருடிய கையும் களவுமாக இருப்பவனைத் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது என்றால், அந்தக் கைவினைஞர்கள் லோரன்ஸுக்கு முன்பே கன்னத்தின் கணக்கை அறிந்திருக்கிறார்கள்.

நம் டெல்டாவில் இந்த நகைச்சுவைக்கு வேர் ஆழம். கோபியர் யசோதையிடம் வந்து கண்ணன் செய்த அட்டகாசங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் புகார் செய்வதாக ஊத்துக்காடு வேங்கடகவி தோடி ராகத்தில் ஒரு பாட்டு அமைத்திருக்கிறார். இன்றைக்கும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். வெளியே புகார், உள்ளே பூரிப்பு. கேட்கிறவருக்கு இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. விதி உடைவதும் தப்பில்லை என்று தோன்றுவதும் ஒரே கணத்தில் வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திருக்காட்டுப்பள்ளி பக்கம் வரகூரில் கோகுலாஷ்டமி உறியடியில் ஊரே கூடி அந்தத் திருட்டை வருஷாவருஷம் நடித்துக் கொண்டாடுகிறது.

எண்ணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. அமெரிக்க டென்னிஸ் பிறந்த அதே 1951 மார்ச் 12 அன்று, பிரிட்டனில் 'தி பீனோ' என்ற சிறுவர் இதழிலும் அதே பெயரில் ஒரு டென்னிஸ் கடைக்கு வந்தான். ஒருவருக்கொருவர் தெரியாமல் நடந்த தற்செயல். ஆனால் பிரிட்டன் டென்னிஸ் தெரிந்தே வம்பு செய்பவன். 'தப்பில்லை' என்ற உணர்வு அவன் முகத்திலிருந்து தானாக வராது. அதனால் பழைய பீனோ கதைகள் பெரும்பாலும் அப்பாவின் செருப்படியில் முடிந்தன. கணக்கு நேரானதும் வாசகருக்கு நிம்மதி. அமெரிக்க டென்னிஸுக்கு மூலையில் சுவரைப் பார்த்து உட்காரும் தண்டனையே அதிகம்.

இன்னும் பின்னால் போனால் தண்டனை பயங்கரமாகிறது. 1865இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் வரைந்த மாக்ஸ், மோரிட்ஸ் என்ற இரு குறும்பர்களை மாவு மில்லில் போட்டு அரைத்துவிடுகிறார்கள். அரைபட்ட மணிகளை வாத்துகள் தின்றுவிடுகின்றன. அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் ஒரு மணி விடாமல் பொறுக்குவதைப் பார்த்த நமக்கு அந்த முடிவு கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். இந்த இருவரை முன்மாதிரியாக வைத்து ருடால்ஃப் டர்க்ஸ் 1897இல் நியூயார்க்கில் தொடங்கிய 'காட்சன்ஜாமர் கிட்ஸ்' தொடரில் தண்டனை பிட்டத்தில் விழும் அடியாகக் குறைந்தது. குழந்தைக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதை ஓவியர்கள் நம்ப நம்ப, தண்டனை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

பழசாகாததற்கு இன்னொரு காரணம் நேரம். தினத்தந்தியில் 1960 முதல் வரும் கன்னித்தீவைப் படிக்க, நேற்று என்ன ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். டென்னிஸுக்கு நேற்று என்பதே கிடையாது. அவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை, அதனால் அந்த மதகும் கட்டி முடிவதில்லை. வெளியே ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் குழந்தைகள் அந்த ஐந்தரை வயதை எட்டிக்கொண்டே இருக்கிறார்கள், பெற்றோர்களும் புதிதாக மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் உடைகிற விதி வாசகருடைய விதியாக இருக்க வேண்டும். கான்சாஸ் மாநிலத்து விச்சிடாவில் நடக்கும் டென்னிஸ் கதைகளில் சில நமக்குச் சப்பென்று போவதற்குக் காரணம் இதுதான். நம்முடைய விதிகள் வேறு. கிளம்புகிறவரை 'எங்கே போறீங்க' என்று கேட்கக் கூடாது. சாப்பிடுகிறவரின் இலையில் எத்தனை வடை என்று எண்ணக் கூடாது. மொய் விஷயமோ தனி அகராதி. திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபம், மொய் நோட்டுக்கு முன்னால் வரிசை. அப்பா முகம் நிறையச் சிரிப்போடு நூற்றியொன்றை நீட்டுகிறார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்கும்படி, கீழேயிருந்து ஒரு சின்னக் குரல்: "அப்பா, இவங்க நமக்கு ஐநூத்தியொண்ணு வச்சாங்கன்னு பாட்டி சொன்னாங்களே?" கான்சாஸ் வாசகருக்கு இந்தக் கட்டத்தை விளக்க அரைப் பக்கம் எழுத வேண்டியிருக்கும். திருவாரூரில் படத்தோடு அந்த ஒரு வரியே போதும்.