ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் கீழே

ஒழுங்காகச் சுருட்டிப் பெட்டியில் போட்ட மைக் கேபிள், அடுத்த முறை எடுக்கும்போது சிக்கலாக வருகிறது. யாரும் அதைத் தொடவே இல்லை. இது எப்படி நடக்கிறது என்பதை 2007-ல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு கயிற்றைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை நொடிக்கு ஒரு சுற்று வீதம் பத்துச் சுற்று சுற்றிவிட்டுத் திறந்து பார்ப்பது, அவ்வளவுதான் சோதனை. இதை 3,415 முறை செய்தார்கள். கயிறு 46 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் முடிச்சு விழவே இல்லை எனலாம். அதற்கு மேல் நீளம் கூடக்கூட முடிச்சு விழும் வாய்ப்பு மளமளவென்று ஏறி, ஒன்றரை மீட்டரைத் தாண்டியதும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று நின்றது. பத்தே நொடியில் இந்த நிலை. நம் கேபிள்களோ மூன்று, ஐந்து, பத்து மீட்டர் நீளம் உள்ளவை.

முடிச்சு விழும் விதம் எளிமையானது. கயிறு பெட்டிக்குள் வளையம் வளையமாகக் கிடக்கிறது. பெட்டி ஆடும்போது அதன் நுனி, சடை பின்னுவதுபோலப் பக்கத்து வளையங்களுக்கு மேலும் கீழுமாக நுழைந்து செல்கிறது. ஆக, சிக்கலுக்கு மூலம் அலையும் நுனிதான். நுனியைக் கட்டிவிட்டால் முடிச்சுக்கு வழியில்லை. எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று ஊசிப் பிளக் கொண்ட மைக் கேபிளில் இது இன்னும் வசதி. ஒரு முனையில் ஊசிகள், மறுமுனையில் துளைகள் இருப்பதால், கேபிளைச் சுருட்டியதும் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று செருகிவிடலாம். நுனியும் அலையாது, ஊசிகளில் தூசியும் படியாது. அதே ஆய்வு சொல்லும் இன்னொரு சேதியும் பயன்படும்: விறைப்பான கயிற்றைச் சிறிய பெட்டியில் நெருக்கி வைத்தால் அது சுவரில் முட்டி நின்றுவிடுகிறது, புரள இடமில்லாததால் முடிச்சும் குறைகிறது. எல்லாக் கேபிளையும் ஒரே பெரிய பெட்டியில் கொட்டுவதைவிட, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பையில் வைப்பது ஏன் நல்லது என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் கிடையாது.

முடிச்சைவிடப் பெரிய ஆபத்து முறுக்கு. அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

ஒரு காகித நாடாவை எடுத்து, அதன் ஒரு ஓரத்தில் மட்டும் வண்ணக் கோடு போடுங்கள். அதை விரலில் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். பிறகு விரலைச் சுழற்றாமல், நாடாவை விரலின் நுனிப்பக்கமாக உருவி, இரு முனையையும் பிடித்து நீட்டுங்கள். வண்ணக் கோடு நாடாவைச் சுற்றி ஏறிப் போவது தெரியும். எண்ணிப் பார்த்தால் ஐந்து முழு முறுக்கு. வளையங்கள் எங்கும் மறைந்துபோகவில்லை, முறுக்காக மாறிவிட்டன. ருமேனியக் கணிதர் ஜியார்ஜே கலுகரேயானு 1959-ல் தொடங்கி நிறுவிய தேற்றத்தின் சாரம் இதுதான்: முனைகள் திரும்பாதவரை, ஒரு நாடாவின் முறுக்கும் அது எந்த அளவு சுருண்டிருக்கிறது என்ற கணக்கும் சேர்ந்த கூட்டுத்தொகை மாறாது. ஒன்று குறைந்தால் இன்னொன்று கூடியே ஆக வேண்டும். டி.என்.ஏ. இழை செல்லுக்குள் எப்படி மேலும் மேலும் சுருண்டு அடங்குகிறது என்பதை விளக்கவும் உயிரியலாளர்கள் இதே கணக்கைத்தான் கையாள்கிறார்கள்.

இனி பத்து மீட்டர் மைக் கேபிளுக்கு வருவோம். 30 செ.மீ. விட்டமுள்ள வளையம் ஒன்றுக்கு 94 செ.மீ. செலவாகும், ஏறக்குறைய பத்து வளையம் வரும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுருட்டும்போது, வளையம் தட்டையாகப் படிவதற்காக நம் விரல்கள் கேபிளை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உருட்டுகின்றன. மறுமுனை தாராளமாகத் திரும்ப முடிந்தால் அந்த உருட்டல் அங்கே போய்க் கழிந்துவிடும். தரையில் நீளமாகக் கிடக்கும் கேபிளின் முனை அப்படித் திரும்பாது. முறுக்கு உள்ளேயே தங்கிவிடும். சரி, அந்த முனையை எப்படியோ திரும்பவிட்டுச் சுருட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த முறை ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அந்தப் பத்து வளையமும் பத்து முறுக்காகத் திரும்பி வந்து நிற்கும்.

மேடை ஒலியமைப்பாளர்கள் கையாளும் மேல்-கீழ் முறை இந்தக் கணக்கைத்தான் நேர் செய்கிறது. இடது கையில் கேபிளின் முனையைப் பிடித்து, முதல் வளையத்தை வழக்கம்போல் போடுங்கள். இரண்டாவதுக்கு வலது கையைப் புரட்டி, கட்டைவிரல் உங்களைப் பார்க்கும்படி கேபிளைப் பிடியுங்கள். இடது கைக்குக் கொண்டுவரும்போது மணிக்கட்டை நேராக்குங்கள். இப்போது தொங்கும் பகுதி வளையத்துக்கு உள்பக்கமாகப் போயிருக்கும். முதல் வளையம் ஒரு முறுக்கைக் கூட்டினால் இது ஒன்றைக் கழிக்கிறது. இப்படியே மாறி மாறிப் போட்டால் கடைசியில் கணக்கு பூஜ்யம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுருளை வீசினால் கேபிள் தரையில் கோடு போட்டதுபோல் விழும். கைக்குப் பழக ஒரு மாலை நேரம் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: நுனி தவறி வளையங்களுக்கு நடுவே நுழைந்துவிட்டால், இழுக்கும்போது வரிசையாக முடிச்சு விழும். இரு முனையையும் செருகி வைப்பது இங்கேயும் காப்பாற்றும்.

முறுக்கைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்றால், கேபிளின் உட்புறம் அப்படிப்பட்டது. மெல்லிய செம்பு இழைகளாலான இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று சுற்றியபடி போகின்றன. அவற்றைச் சுற்றி வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசம். பல கேபிள்களில் இந்தக் கவசம் ஒரே திசையில் சுற்றப்பட்ட செம்பு இழைகள்தான். எதிர்த்திசையில் முறுக்கினால் அது அவிழ்ந்து இடைவெளி விடும். பின்னல் கவசம் இதை நன்றாகத் தாங்கும். தகடுபோன்ற கவசம் அடிக்கடி வளைத்தால் விரிசல் விடும், அதனால் அது சுவருக்குள் நிரந்தரமாகப் பதிக்கத்தான் ஏற்றது. மைக்கிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட் அளவே. அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கித்தான் பதிவு செய்கிறோம். கவசத்தின் ஓட்டை வழியே நுழையும் இரைச்சலும் அதே மடங்கு பெருகும்.

முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே இறுக்கிச் சுற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டியது இதனால்தான். ஒரே திசை முறுக்கு ஒரு பக்கம், முழங்கையில் ஒவ்வொரு சுற்றும் ஒடிவது இன்னொரு பக்கம். செம்பு திரும்பத் திரும்ப மடங்கினால் இறுகி, இழை இழையாக அறும். பிளக்கின் கழுத்துப் பகுதியில்தான் இது முதலில் நடக்கும். அங்கிருந்து சுருட்டலைத் தொடங்காமல் ஒரு சாண் விட்டுத் தொடங்குங்கள்.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை போதும். பிளாஸ்டிக் டை இறுகினால் உள்ளிருக்கும் கம்பிகளை நசுக்கும். ரப்பர் பேண்டு நாளடைவில் உருகி உறையில் ஒட்டிக்கொள்ளும். மாட்டுவதற்கு மெல்லிய ஆணி வேண்டாம். சுருளின் முழு எடையும் ஒரே புள்ளியில் விழும். தடித்த உருளைக் கட்டையோ குழாயோ நல்லது.

வகை பிரிப்பதில் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. கிட்டார் கேபிளும் சில ஸ்பீக்கர் கேபிள்களும் ஒரே 6.35 மி.மீ. ஜாக்கோடு வருகின்றன, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கிட்டார் கேபிளில் உள்ள மெல்லிய கம்பி, சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்துக்குச் சூடாகும், ஆம்ப்பும் கெடலாம். கவசமில்லாத ஸ்பீக்கர் கேபிளைக் கிட்டாரில் செருகினால் ஹம் சத்தம்தான் கேட்கும். இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டவே கூடாது. மற்றவற்றுக்கு வண்ண நாடா போதும். மின்சுற்றில் வரும் ரெசிஸ்டர்களின் (மின்தடைகளின்) வண்ணக் குறியீடு கைவசம் இருக்கிறது: ஒன்றுக்குப் பழுப்பு, இரண்டுக்குச் சிவப்பு, மூன்றுக்கு ஆரஞ்சு, நான்குக்கு மஞ்சள், ஐந்துக்குப் பச்சை. சேனல் எண்ணையோ மீட்டரையோ இதில் குறித்தால், மங்கிய வெளிச்சத்திலும் தேவையான கேபிள் கைக்கு வரும்.

மேசைக்குப் பின்னால் மிஞ்சிய மைக் கேபிளைச் சுருட்டி வைத்தால் ஒலி கெடும் என்று சிலர் பயப்படுவார்கள். பயம் தேவையில்லை. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அருகருகே எதிரெதிராக ஓடுவதால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கவனம் வேண்டியது மின்சார வயரின் பக்கம். அதோடு ஒட்டி நீளமாக மைக் கேபிளை ஓட்டாதீர்கள்; குறுக்கிட வேண்டியிருந்தால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும்.

ஏற்கெனவே முறுக்கேறிப்போன பழைய கேபிளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு முனையை உயரத்தில் மாட்டி, மறுமுனை தரையைத் தொடாமல் தொங்கவிடுங்கள். தேங்கிய முறுக்கு தானாகச் சுழன்று வெளியேறும். நீளமான கேபிளாக இருந்தால் தரையில் முழுதாக விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரல்களுக்கிடையே உருவிக்கொண்டே போய்த் திருகலை முனைவழியே தள்ளிவிடுங்கள். இளஞ்சூடான அறையில் பி.வி.சி. உறை இளகுவதால் இந்த வேலை சுலபமாக முடியும். அப்புறம் மேல்-கீழ் முறையில் சுருட்டி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவைத்தால் உறை புதிய வளைவுக்குப் பழகத் தொடங்கிவிடும்.