கர்ப்பமான பிள்ளைக்குத் தண்டனை, கைவைத்த ஊழியருக்கு இடமாற்றம்

நான் கொழும்பில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கன் சபையார், மேல்மாடிகளிலும் வாடகை மண்டபங்களிலும் கூடும் சுயாதீன சபைகளின் விசுவாசிகள் என எல்லாரும் உண்டு. சபை தண்டித்ததால் உடைந்து வருபவர்கள் ஒரு பக்கம், தண்டிக்க வேண்டியவரைச் சபை தொடாமல் விட்டதால் உடைந்து வருபவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு விதமானவர்களும் ஒரே சபையிலிருந்து வருவதுதான் எனக்குத் தாங்கமுடியாத விஷயம். கலியாணத்துக்கு முன் கர்ப்பமான பிள்ளையை ஆராதனையில் எழும்பி நின்று மன்னிப்புக் கேட்க வைத்திருப்பார்கள், அந்தக் குழந்தையின் தகப்பன் மூன்றாவது வரிசையில் இருந்து பாட்டுப் பாடியிருப்பான். அதே சபையில் இளைஞர் கூட்டத்துப் பிள்ளைகளிடம் கைவைத்த ஊழியருக்கு "சுகவீனம் காரணமாக" வேறு ஊருக்கு மாற்றம். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் நடந்தவைதான்.)

சபையில் ஒழுங்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாத சபையில் பலவீனமானவர்களுக்குப் பாதுகாப்பே கிடையாது. 1757இல் கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்த டச்சுச் சீர்திருத்த சபையார் பின்பற்றிய 1561ஆம் ஆண்டு பெல்ஜிய விசுவாச அறிக்கை, மெய்யான சபைக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சுத்தமான பிரசங்கம், சரியாகக் கொடுக்கப்படும் திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானமும் நற்கருணையும்), பாவத்தைத் திருத்தும் சபை ஒழுங்கு. அதாவது, நற்கருணையோடு ஒரே வரிசையில் வைக்கிற அளவுக்குப் பெரிய காரியம். நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

மத்தேயு 18ஐ எடுங்கள். உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனிடம் முதலில் நீ தனியாகப் போ, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். இதில் முதலாவது படியை நம்மவர்கள் செய்வதே இல்லை. அதற்குப் பதில் ஜெபக்குறிப்பு என்று ஒன்று வைத்திருக்கிறோம். "இன்ன சகோதரியின் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள், விபரம் பிறகு சொல்கிறேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வரும், சாயங்காலத்துக்குள் தெஹிவளையிலிருந்து நீர்கொழும்பு வரை எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அந்தச் சகோதரிக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதுவும் பாவம்தான்.

ஒரு சபையில் பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்தார்கள். சீட்டை நடத்திய தாய்ச்சி, ஒரு மாதக் காசைத் தன் மகனின் கடனுக்கு எடுத்துவிட்டார். முறை வந்தவருக்குக் காசு இல்லை. சீட்டில் இருந்த வயதான அக்கா ஒருவர், யாரிடமும் வாய் திறக்காமல் தாய்ச்சியின் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து முடியும்வரை பொறுத்திருந்து, "தங்கச்சி, அந்தக் காசு எங்கே?" என்று நேராகக் கேட்டிருக்கிறார். அன்றைக்கே எல்லாம் வெளியே வந்தது. அதன் பிறகு சங்கத்தில் இரண்டு பேரை வைத்து, மாதாமாதம் எவ்வளவு கட்டுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தாய்ச்சிப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்தார்கள், ஆனால் ஆராதனைக்கு வரும்போது பக்கத்தில் இருக்க ஆள் இருந்தது. அவர் கடனைக் கட்டி முடித்தார். அந்த அக்கா என்ன செய்தார் என்று கவனித்துப் பாருங்கள்: போனில் கேட்கவில்லை, கோயில் வாசலில் வைத்துக் கேட்கவில்லை, "எல்லாரும் சொல்கிறார்கள்" என்று ஆரம்பிக்கவில்லை, தனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். கலாத்தியர் 6 "சாந்தமுள்ள ஆவியோடே" என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன், அந்தச் சாந்தம் உள்ளவர்தான் நேராகவும் கேட்டார்.

இரண்டாவது படியில் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உங்கள் கட்சிக்காரர்களாக இருக்கக்கூடாது. உபாகமம் 19இலேயே இரண்டு மூன்று சாட்சிகள் என்று விதித்திருப்பது, பொய்க் குற்றச்சாட்டில் யாரும் அகப்படாமல் இருக்கவும்தான். நீங்கள் சொல்வதே பிழை என்றால் உங்களிடமும் அதைச் சொல்லக்கூடியவரைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மத்தேயு 18 ஒருவருக்கு ஒருவர் சமமாக உட்கார்ந்து பேசக்கூடிய காரியங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஒரு சிறுபிள்ளையை, தன்னைத் துஷ்பிரயோகம் செய்தவரிடம் "முதலில் தனியாகப் போய்ப் பேசு" என்று அனுப்புவதற்கு அதை எடுத்தால் அது வேதத்தை வைத்துச் செய்யும் கொடுமை. இதே அதிகாரத்தின் ஆறாம் வசனத்தில்தான் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி இயேசு பேசுகிறார். அதைத் தாண்டி வந்துதான், தனியாகப் போகச் சொல்லும் 15ஆம் வசனத்தை வாசிக்க வேண்டும்.

பிள்ளைகள் மீதான பாலியல் துஷ்பிரயோகம் குற்றம். இலங்கைச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு பாலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாள் என்று சொன்னாலும், பாலியல் வல்லுறவுதான். அதை விசாரிக்கச் சபைக் கமிட்டிக்கு அதிகாரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது, 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கும் போகலாம். பிள்ளை உங்களிடம் சொன்னால் கேளுங்கள், நம்புங்கள், அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்க விடாதீர்கள். பாஸ்டர் ஒரு தடவை, பாஸ்டரம்மா ஒரு தடவை, மூப்பர்கள் ஒரு தடவை என்று மாறி மாறிக் கேட்காதீர்கள், அது பிள்ளையையும் வதைக்கும், வழக்கையும் கெடுக்கும். தயவுசெய்து இருவரையும் ஒரே அறையில் வைத்து மன்னிப்புக் கேட்க வைத்துக் கையைப் பிடித்து ஜெபிக்காதீர்கள். அந்த ஜெபத்துக்குப் பிறகு பல வருஷங்கள் கோயில் பக்கமே போக முடியாமல் இருக்கும் பெரியவர்களோடு நான் இருந்து பேசுகிறேன்.

புருஷனிடம் அடி வாங்கும் மனைவிக்கும் இதுவேதான். "கீழ்ப்படிந்து ஜெபியம்மா, கர்த்தர் மாற்றுவார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் ஊழியர்களே, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரைக்கும், அதன் பிறகு 12 மாதங்கள் வரைக்கும் கிடைக்கும் என்று அவளுக்குச் சொன்னீர்களா? பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தைக் கொடுத்தீர்களா? அவனை எப்போதாவது கூப்பிட்டு ஒழுங்கு நடவடிக்கை எடுத்தீர்களா, அல்லது தசமபாகம் ஒழுங்காகக் கட்டுகிறான் என்று விட்டுவிட்டீர்களா?

"விசுவாசி நீதிமன்றம் போகலாமா?" என்று உடனே 1 கொரிந்தியர் 6ஐக் காட்டுவார்கள். அந்தப் பகுதியைப் பொறுமையாக வாசித்தால் பவுல் பேசுவது சகோதரருக்குள் வரும் இவ்வுலகக் கொடுக்கல் வாங்கல் வழக்குகள் பற்றி என்று தெரியும். நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்கிறார். தன் நஷ்டத்தைத் தானே பொறுத்துக்கொள்வது ஒன்று, ஒரு பிள்ளையின் நஷ்டத்தைச் சபை பொறுத்துக்கொள்வது வேறு. ரோமர் 13இல் தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரிக்குப் பட்டயம் (வாள்) கொடுத்திருப்பதாகச் சொல்வதும் அதே பவுல்தான்.

அடுத்தது தலைவர்கள். மூப்பர்மேல் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது, இதைச் சபைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அடுத்த வசனம் பாவஞ்செய்தவர்களை "எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்" என்கிறது, அதை யாரும் பிரசங்கிப்பதில்லை. கர்ப்பமான பிள்ளைக்கு எல்லாருக்கும் முன்பாக, தலைவருக்குத் தனியறையில் என்று வசனம் எங்கும் சொல்லவில்லை. தாவீது ராஜாவாக இருந்தும் நாத்தான் தீர்க்கதரிசி அவன் பாவத்தை அவன் முகத்துக்கு நேரே சுட்டி "நீயே அந்த மனுஷன்" என்றான்.

பழைய சபைகளில் ஆயர், பேராயர், சினொட் (சபையின் பேரவை) என்று முறையிட ஓர் இடமாவது இருக்கிறது. கத்தோலிக்க சபையில் 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொண்டுவந்த விதிகள், துஷ்பிரயோகம் நடந்ததை அறியும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கட்டாயப்படுத்துகின்றன. அது போதும் என்று நான் சொல்லவில்லை, எழுத்தில் ஒரு வழி இருக்கிறது என்கிறேன். சுயாதீன சபைகளில் பல இடங்களில் நிர்வாகக் குழு என்றால் பாஸ்டர், மனைவி, மைத்துனர். அங்கே பாஸ்டரே பாவத்தில் விழுந்தால் யாரிடம் போவது? ஒரு சபையில் சேரும்போது இதைக் கேளுங்கள். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று பதில் வந்தால், பிள்ளைகளை அங்கே ஞாயிறு பாடசாலைக்கு விடுவதைப் பற்றி இன்னொரு தரம் யோசியுங்கள்.

தண்டனை எப்போது முடியும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கொரிந்து சபையிலிருந்து ஒருவனை விலக்கச் சொன்ன பவுல், இரண்டாம் நிருபத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி எழுதும்போது போதும், மன்னியுங்கள், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துவிடாமல் ஆறுதல் சொல்லுங்கள் என்கிறார். திருவிருந்திலிருந்து நிறுத்தினால் என்ன காரணம், யார் அவரைப் போய்ச் சந்திப்பது, எந்த மாதம் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று அன்றைக்கே எழுதுங்கள். கண்ணீரை அளவுகோலாக வைக்காதீர்கள், நன்றாக அழத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான், மனந்திரும்பியவன் திருப்பிக் கொடுப்பான், கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டான், பழைய பதவியைத் தா என்று அவசரப்பட மாட்டான்.

மன்னிப்புக் கிடைத்தவருக்கு நற்கருணைப் பந்தியில் இடம் உண்டு. ஆனால் பிள்ளைகளிடம் கைவைத்தவருக்குத் திரும்பவும் ஞாயிறு பாடசாலைச் சாவி கிடையாது, எத்தனை வருஷம் போனாலும், யார் சிபாரிசு செய்தாலும். அவரை வேறு சபைக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அந்தச் சபையின் பொறுப்பாளருக்கு நடந்ததை எழுத்தில் தெரிவித்துவிட்டு அனுப்புங்கள்.